பாதக் காய்ப்பும் கால் ஆணியும்: எந்தச் சிகிச்சை யாருக்கு?

பாதவலி உள்ளவர்களுக்கு அளவெடுத்துச் செருப்பு செய்துகொடுப்பது என் தொழில். பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே மூன்று நான்கு வைத்தியம் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். கார்ன் கேப் என்ற மருந்து வில்லையை ஒட்டியிருப்பார்கள், பிளேடால் சீவியிருப்பார்கள், சிலர் அறுவைச் சிகிச்சையே செய்துகொண்டிருப்பார்கள். எல்லாவற்றிலும் சில வாரம் நிம்மதி கிடைத்திருக்கும்; பிறகு அதே இடத்தில் அதே வலி. பாதத்தின் ஒரே இடத்தில் அழுத்தமும் உராய்வும் விடாமல் விழுந்தால், உடல் தன்னைக் காத்துக்கொள்ள அங்கே தோலைத் தடிக்க வைக்கிறது. தடித்த தோலை மட்டும் எடுத்துவிட்டு அழுத்தத்தை அப்படியே விட்டால் தோல் மறுபடி தடிக்கத்தான் செய்யும். அதனால் எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும், அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா என்பதுதான் நான் முதலில் கேட்கும் கேள்வி.

முதலில், இருப்பது எது என்று பாருங்கள்

காலைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் உட்காருங்கள். பாதத்தின் அடிப்பகுதி தெரியவில்லையென்றால் கைப்பேசியில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

காய்ப்பு அகலமாக, மஞ்சள் கலந்த நிறத்தில், ஓரம் இன்னதென்று தெரியாமல் பரந்திருக்கும். கைரேகை போலப் பாதத்தில் ஓடும் தோல்வரிகள் அதன் மேலும் தொடர்ந்து ஓடும். பெரும்பாலும் முன்பாதத்திலும் குதிகால் ஓரத்திலும் வரும். நடக்க நடக்க எரிவது இதன் இயல்பு.

கால் ஆணி சிறியது, வட்டமானது. நடுவில் கெட்டியான, கண்ணாடி போன்ற ஒரு கரு இருக்கும். அதன் முனை உள்நோக்கிக் குத்தும். விரலால் நேராக அழுத்தினால் சுருக்கென்று வலிக்கும். சுண்டுவிரலின் மேல்பக்கத்திலும் முன்பாத எலும்புக்கு நேர் கீழேயும் அதிகம் பார்க்கலாம்.

ஆணி என்று நினைத்துப் பலர் மாதக்கணக்கில் சீவிக்கொண்டிருப்பது உண்மையில் மருவாக இருக்கும். அது வைரஸால் வருவது. தோல்வரிகள் மருவின் ஓரத்தில் நின்றுவிடும்; உள்ளே கரும்புள்ளிகள் தெரியும்; நேராக அழுத்துவதைவிட இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால்தான் அதிகம் வலிக்கும். மருவைச் சீவினால் ரத்தம் வரும், பக்கத்திலும் பரவும். இதற்கு வைத்தியம் வேறு. தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் இடையில் வெள்ளையாக ஊறிப்போய் வலித்தால் குழப்பம் வரும். அரிப்பும் நாற்றமும் இருந்து, தோல் உரிந்து பரவினால் அது சேற்றுப்புண். ஒரே புள்ளியில் வலித்து, எதிர் விரலின் எலும்பு அந்த இடத்திலேயே முட்டினால் அது மென்மையான ஆணி. ஈரத்தில் ஊறியதால் மெத்தென்று ஆகிவிட்ட ஆணி அது.

வலிக்காத காய்ப்பை விட்டுவிடலாம். பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கும் வயலில் வெறுங்காலோடு உழைப்பவர்களுக்கும் அது கவசம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து உட்கார்ந்து கணுக்காலின் வெளிப்பக்கம் கறுத்துத் தடித்திருப்பதும் அப்படித்தான். அழகு கருதிக் கவலைப்படுகிறவர்கள் கீழே ஒரு விரிப்பைப் போட்டு உட்கார்ந்தால் போதும். ஆனால் பாதத்தில் ஒரு கரும்படை நிறம் மாறிப் பரவினாலோ, சிறுவயதிலிருந்தே இரு உள்ளங்கையும் உள்ளங்காலும் சேர்ந்து தடித்திருந்தாலோ அது செருப்பால் வந்ததல்ல. அதையும் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டு வைத்தியத்துக்குப் போகக் கூடாது

சர்க்கரை நோய் நாள்பட்டால் பாதத்தின் உணர்வு நரம்புகள் மங்கிவிடும். அப்போது காய்ப்பு இருக்கும், வலி இருக்காது. வலி இல்லாததால் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துவிடுவார்கள். ஆனால் அந்தக் காய்ப்பு, செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி ஒவ்வோர் அடியிலும் கீழுள்ள சதையை நசுக்கிக்கொண்டே இருக்கிறது. மேலே தோல் மூடியிருக்கும்போதே அடியில் புண் உருவாகிவிடும்.

ஆகவே சர்க்கரை நோயாளிகள் தினமும் ஒருமுறை பாதத்தைப் பார்க்க வேண்டும். கண் தெரியாத முதியவர்களுக்கு வீட்டில் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்பாகப் புள்ளி தெரிந்தால் உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது என்று பொருள். அந்தப் புள்ளியோ, நீர்க்கசிவோ, நாற்றமோ, ஒரு காலில் மட்டும் சூடோ வீக்கமோ தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த வாரம் எப்படியும் டாக்டரிடம் போகப்போகிறோமே என்று தள்ளிப்போடாதீர்கள்.

கார்ன் கேப், அமிலத் திரவம், பிளேடு, சூடான தண்ணீரில் கால் வைப்பது ஆகிய நான்கும் இவர்களுக்கு ஆகாது. தண்ணீரின் சூடு அவர்கள் காலுக்குத் தெரியாது. அமிலம் நல்ல தோலைத் தின்பதும் தெரியாது. கால் ரத்த ஓட்டம் குறைந்தவர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். உணர்வு எந்த அளவுக்கு இருக்கிறது என்று அறிய, மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. சில நிமிடத்தில் முடிந்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

திருவண்ணாமலை கிரிவலப் பாதை ஏறக்குறைய 14 கிலோமீட்டர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் அதைவிடப் பல மடங்கு தூரம் நடக்கிறார்கள். பக்தியில் நான் குறுக்கிட மாட்டேன். ஆனால் கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு சூடான தார்ச்சாலையில் நடந்து, கொப்புளம் வந்ததே தெரியாமல் வீடு திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். கால் உணர்விழந்தவர் செருப்போடு நடந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது என்பது என் உறுதியான நம்பிக்கை.

அழுத்தம் எங்கே என்று கண்டுபிடியுங்கள்

பட்டறையில் நாங்கள் மை தடவிய ரப்பர் விரிப்பு ஒன்றைத் தாளின் மேல் வைத்து, அதன் மேல் நோயாளியை நடக்கச் சொல்வோம். அழுத்தம் குறைந்த இடத்தில் மை மெலிதாகவும், அதிகம் விழும் இடத்தில் கன்னங்கரேலென்றும் பதியும். நாற்பது வயதுப் பெண் ஒருவரின் தாளில் இரண்டாவது விரலுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணய அளவில் கறுப்பு திட்டாக இருந்தது. அவர் காய்ப்பும் அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. தாளைக் கையில் வாங்கிக் காலோடு பொருத்திப் பார்த்தவர், இதற்கு மேல் களிம்பு மாற்றப் போவதில்லை என்றார்.

வீட்டில் அந்த விரிப்பு கிடையாது. ஆறு மாதம் போட்ட பழைய செருப்பு இருக்கிறதல்லவா? அதை எடுத்து உள்பக்கம் பாருங்கள். எந்த இடம் பள்ளமாகி, வழுவழுப்பாகி, கறுத்திருக்கிறதோ அங்கேதான் உங்கள் எடை இறங்குகிறது. கவிழ்த்து அடிப்பாகத்தையும் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் அந்தப் பக்கம் சாய்கிறது.

ஷூ போடுகிறவர்கள் இன்னொன்று செய்யலாம். வெள்ளைத்தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். கோட்டின் மேல் ஷூவை வையுங்கள். கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், அந்த மிச்சப் பாதத்தையும் தினமும் உள்ளே திணித்துக்கொண்டுதான் நடக்கிறீர்கள். கூர்முனைச் செருப்புகளில் சுண்டுவிரல் பக்கமும் பெருவிரல் பக்கமும் தவறாமல் வெளியே நிற்கும்.

காரணம் செருப்பாக இல்லாமலும் இருக்கலாம். பெருவிரல் எலும்பு புடைத்து வளைந்திருப்பது, விரல் மடங்கி மேலே தூக்கியிருப்பது, பாதவளைவு மிக உயரமாக இருப்பது எல்லாம் அழுத்தத்தை ஒரே இடத்தில் குவிக்கும். வயதானால் முன்பாதத்தின் கீழுள்ள கொழுப்பு மெத்தை மெலிந்து, எலும்பு நேராகத் தோலில் இறங்கும்.

வேலையும் ஒரு காரணம். ஜவுளிக்கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை பார்க்கிற பெண்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். அவர்களுக்காக 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ஆம் ஆண்டு ஒரு திருத்தம் வந்தது. ஊழியர்களுக்கு இருக்கை வசதி செய்துகொடுக்க வேண்டும் என்பது அதில் சட்டக் கடமை. இருக்கை கேட்பது சலுகை கேட்பதல்ல. வாடிக்கையாளர் இல்லாத சில நிமிடம் உட்கார்ந்தாலும் முன்பாதத்துக்கு அது ஓய்வு. வீட்டிலோ டைல்ஸ், கிரானைட் தரையில் வெறுங்காலோடு மணிக்கணக்கில் சமைக்கிறோம். வீட்டுக்குள் மட்டும் போட ஒரு மென்மையான செருப்பு வைத்துக்கொள்ளுங்கள். அதை வாசலுக்கு வெளியே கொண்டுபோகாவிட்டால் சுத்தம் பற்றிய கவலையும் இல்லை.

செருப்பைச் சரிசெய்யுங்கள்

செருப்பை மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்த பிறகு கால் சற்றே வீங்கியிருக்கும். இரண்டு காலுக்கும் போட்டுப் பாருங்கள். பெரிய காலுக்குத்தான் அளவு. நீண்ட விரலுக்கு முன்னால் பெருவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். போகப்போகத் தளர்ந்துவிடும் என்று கடைக்காரர் சொன்னால் அதை வாங்காதீர்கள். குதிகால் உயரம் குறைவாகவும் பின்வார் உள்ளதாகவும் பாருங்கள். விரலிடுக்கில் மட்டும் பிடிக்கிற செருப்பை விழாமல் காக்க, விரல்கள் எந்நேரமும் தரையைப் பற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மருந்துக்கடைகளிலும் மருத்துவமனைகளிலும் கிடைக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்புக்குப் பின்னால் வேலூரின் கதை இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய அறுவைச் சிகிச்சை நிபுணர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் நோயால் தானாக அழுகுவதில்லை, உணர்வற்ற காலில் திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே புண்ணுக்குக் காரணம் என்று காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் உள்ளே மெத்தென்ற நுண்துளை ரப்பரும் வெளியே கெட்டியான அடிப்பாகமும் கொண்ட இந்தச் செருப்பு. பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். உள் ரப்பரைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து அழுத்துங்கள். பாதித் தடிமனுக்கு இறங்கி, விட்டவுடன் எழும்ப வேண்டும். இறங்காவிட்டால் மட்டமான ரப்பர். எழும்பாவிட்டால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பழைய செருப்பையும் இப்படி அவ்வப்போது சோதியுங்கள்.

முன்பாதக் காய்ப்புக்குத் திண்டு வைக்கும்போது பெரும்பாலோர் வலிக்கிற இடத்துக்கு நேர் கீழே வைக்கிறார்கள். அப்படி வைத்தால் அங்கே அழுத்தம் கூடும். வலிக்கிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், குதிகால் பக்கமாக வைக்க வேண்டும். அப்போது எடை திண்டில் ஏறி, எலும்பு முனை தூக்கிக்கொள்ளும். விரலிடுக்கு ஆணிக்கு இரண்டு விரலையும் பிரிக்கும் சிலிகோன் துண்டோ சுருட்டிய பஞ்சோ போதும்; அந்த இடம் எப்போதும் உலர்ந்திருக்க வேண்டும். அங்கே அமில மருந்து வைக்கவே கூடாது, ஈரத்தில் அது பக்கத்துத் தோலுக்கெல்லாம் பரவிவிடும்.

ஊறவைத்துத் தேய்ப்பதும் யூரியா களிம்பும்

இது மெதுவான வைத்தியம், பத்திரமான வைத்தியம். பரந்த காய்ப்புக்கு மிகவும் பொருந்தும். ஆழமான ஆணிக்கு இது மட்டும் போதாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து, பதினைந்து நிமிடம் காலை வையுங்கள். ஈரத் தோலைப் பியூமிஸ் கல்லால் ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கப் பார்க்காதீர்கள். இளஞ்சிவப்பு தெரியுமுன் நிறுத்துங்கள். துடைத்தவுடன் களிம்பு தடவுங்கள். 10 சதவீத யூரியா தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும். 20 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவை தடித்த தோலையே இளக்கும். 40 சதவீதக் களிம்பு மருத்துவர் சொன்னால் மட்டும். இரவில் தடவிப் பருத்திக் காலுறை போட்டுக்கொண்டால் படுக்கையில் ஒட்டாது, மருந்தும் நன்றாக இறங்கும். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஆளுக்கொரு கல் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்ன் கேப்பும் அமிலத் திரவமும்

இரண்டிலும் வேலை செய்வது சாலிசிலிக் அமிலம். தடித்த தோலின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசையை அது இளக்குகிறது. ஒட்டும் வில்லையில் பொதுவாக 40 சதவீதம் இருக்கும். தடவும் திரவத்தில் ஏறக்குறைய 17 சதவீதம்; பெரும்பாலும் லாக்டிக் அமிலமும் சேர்ந்திருக்கும். ஆணி சிறியதாக, ஓரம் தெளிவாக இருந்தால் வில்லை நல்லது. வில்லை நிற்காத வளைவான இடங்களுக்குத் திரவம்.

வில்லையைப் பிரித்தால் நடுவில் ஒரு சின்ன மருந்து வட்டமும் அதைச் சுற்றி மெத்தை வளையமும் தெரியும். ஆணியைவிட மருந்து வட்டம் பெரிதாக இருந்தால் ஒட்டக் கூடாது. அமிலம் ஆணியென்றும் நல்ல தோலென்றும் பிரித்துப் பார்ப்பதில்லை. காலை ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, ஆணியைச் சுற்றி வாசலின் தடவுங்கள். ஆணியின் மேல் படக் கூடாது. மருந்து வட்டம் ஆணிக்கு நேராக அமரும்படி ஒட்டுங்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்தால் தோல் வெள்ளையாக, ஊறிய அப்பளம் போல் இருக்கும். அதை மட்டும் தேய்த்து எடுத்துவிட்டுப் புதியது ஒட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம். எரிச்சல் தாங்காவிட்டாலோ சுற்றிலும் சிவந்தாலோ அன்றே நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

மருத்துவர் சீவி எடுப்பது

தோல் மருத்துவரோ பாதநோய்ப் பிரிவில் உள்ளவர்களோ கத்தியால் தடித்த தோலைப் படலம் படலமாகச் சீவி, ஆணியின் கருவைத் தோண்டி எடுப்பார்கள். அது இறந்த தோல், நரம்பு கிடையாது. மரத்துப்போக ஊசி பெரும்பாலும் தேவைப்படாது. எழுந்து நடக்கும்போதே லேசாக இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஆறுதலுக்கான வேலை மட்டுமல்ல. காய்ப்பை எடுத்தாலே அந்த இடத்து அழுத்தம் கணிசமாகக் குறைகிறது.

சீவுவதையும் வில்லையையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2013-இல் இங்கிலாந்திலிருந்து வெளியானது. மூன்று மாத முடிவில் வில்லை ஒட்டியவர்களில் 34 சதவீதத்தினரின் ஆணி முழுவதும் மறைந்திருந்தது. கத்தியால் சீவிக்கொண்டவர்களில் 21 சதவீதம். வில்லை முந்தினாலும் அதிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு ஆணி முழுவதும் போகவில்லை. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் முதியவர்களின் முன்பாதக் காய்ப்பைப் பற்றி வந்த ஆய்வில், நிஜமாகச் சீவியதற்கும் சீவுவது போலப் பாவனை செய்ததற்கும் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தபோது எனக்கு வியப்பே வரவில்லை. தோலை மட்டும் கவனிக்கிற வைத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

ஆரோக்கியமான பாதத்தில் ஒற்றை ஆணி என்றால் முதலில் வில்லை. ஆழமான கரு, தாங்க முடியாத வலி, சர்க்கரை நோய், கையால் காலை எட்ட முடியாத முதுமை என்றால் மருத்துவரின் கத்தி. அழகு நிலையத்தில் ஒருவர் காலில் பட்ட பிளேடை இன்னொருவர் காலில் வைக்க அனுமதிக்காதீர்கள்.

கைவைத்தியம்

விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் மெத்தென்றாகும், கெடுதல் இல்லை. அம்மான் பச்சரிசிச் செடியின் பாலை ஆணியில் வைப்பது கிராமங்களில் இன்றும் வழக்கம், எருக்கம்பாலையும் வைக்கிறார்கள். எருக்கம்பால் தோலை அரிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பூண்டை அரைத்துக் கட்டிவைத்துவிட்டு உறங்கினால் காலையில் தோல் வெந்து கொப்புளித்திருக்கும். சுண்ணாம்பையும் சோப்பையும் குழைத்து வைப்பது நெருப்பை வைப்பதற்குச் சமம். இவை ஆணியை எடுத்துவிடுவதும் உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எடுக்கலாம்; ஆனால் எவ்வளவு வீரியம், எவ்வளவு ஆழம் அரிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே என் மறுப்பு. அதே வேலையைச் செய்கிற, அளவு தெரிந்த மருந்து மருந்துக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது.

அறுவைச் சிகிச்சை

ஆணியை மட்டும் வெட்டித் தைப்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள்ளங்காலில் தையல் போட்ட இடம் தழும்பாகும். தழும்பு அழுத்தம் படும் இடத்திலேயே அமைந்தால் ஆணியைவிட அது அதிகம் வலிக்கும். கீழே எலும்பு அப்படியே இருப்பதால் ஆணியும் திரும்ப வரலாம்.

மடங்கிய விரலை நிமிர்த்துவது, புடைத்த எலும்பைச் சரிசெய்வது வேறு விஷயம். அது அழுத்தத்தின் காரணத்தையே தீர்க்கிறது. நல்ல செருப்பும் திண்டும் சில மாதம் பயன்படுத்தியும் அதே இடத்தில் வலி திரும்பினால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அதிகம் போட்ட பழைய செருப்பு, எடுத்துக்கொள்ளும் மருந்துகளின் பட்டியல், சர்க்கரை அளவுச் சீட்டு மூன்றையும் கொண்டுபோங்கள். நின்ற நிலையில் எடுத்த எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள். எடை இறங்கும்போது எலும்பு எங்கே போகிறது என்று அதில்தான் தெரியும். எக்ஸ்ரே வந்ததும், தோலில் அழுத்தும் எலும்பு எது, அதை எப்படி மாற்றப்போகிறீர்கள், எத்தனை வாரம் காலை ஊன்றக் கூடாது என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எக்ஸ்ரேயில் விரல் வைத்துக் காட்டிப் பதில் சொல்கிற மருத்துவரிடம் தேதி வாங்கலாம்.